கத்திக்கு ஜிக்கில் சாணை: கோணம் முடிவாகும் இடம்

ஜிக் என்பது கத்தியைக் கவ்விப் பிடித்து, கல்லை ஒரே கோணத்தில் ஓடவைக்கும் சாணைக் கருவி. அதில் வேலைக்கு எடுத்தது, சமையலறையில் தினமும் புழங்கும் எட்டு அங்குலக் கத்தி. அலகு 200 மி.மீ. நீளம், குதிப்பக்கம் (பிடியை ஒட்டிய முனை) 45 மி.மீ. உயரம், முதுகு 2.2 மி.மீ. தடிமன். எஃகின் பெயரை அலகிலேயே பொறித்திருக்கிறார்கள்: எக்ஸ்50 சிஆர்எம்ஓவி15. ஏறத்தாழ 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் கலந்த ஜெர்மன் வகை ஸ்டெயின்லெஸ். ராக்வெல் கடினத்தன்மை பொதுவாக 55 முதல் 58 வரை இருக்கும். லேசில் துருப்பிடிக்காது, லேசில் உடையாது. ஆனால் கூர் சீக்கிரம் மடங்கிவிடும்.

குறைகள் மூன்று. தேங்காய் ஓட்டில் பட்டதில் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், இரண்டு இடத்தில் அரை மி.மீ. ஆழத்துக்குப் பல் விழுந்திருக்கிறது. சைக்கிள் சாணையில் அடிக்கடி பிடித்ததில் குதியை ஒட்டி 30 மி.மீ. தூரத்துக்கு வாய் உள்வாங்கியிருக்கிறது. வாயை ஒட்டிச் சாய்வாகத் தேய்த்த பட்டைதான் சரிவு; அதன் அகலம் ஒரு பக்கம் ஒரு மி.மீ.கூட இல்லை, மறுபக்கம் ஒன்றரை.

மூன்றில் மோசமானது அந்த உள்வாங்கல்தான். கத்தியை வெட்டுப்பலகையில் வாய் படிய நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் குதியருகே வெளிச்சம் கசியும். அரை மி.மீ. இடைவெளி போதும், கொத்தவரங்காயும் வெங்காயத்தாளும் முழுசாக அறுபடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு சரம் சரமாக வரும். கூர் போதவில்லை என்று நினைத்து மறுபடி சாணைக்குக் கொடுத்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். கல்லில் இழைத்து வாயை நேர் செய்தால் மட்டுமே இது தீரும்.

தெருச் சாணைக்காரரின் கைப்பழக்கத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. மொண்ணைக் கத்தியை இரண்டு நிமிடத்தில் தக்காளி நறுக்க வைத்துவிடுவார். சிக்கல் அவர் கையில் இல்லை, சக்கரத்தில் இருக்கிறது. வேகமாகச் சுற்றும் உலர்ந்த சக்கரத்தில் வாயின் மெல்லிய விளிம்பு கண்மூடித் திறப்பதற்குள் சூடேறும். கார்பன் எஃகில் வைக்கோல் மஞ்சள் வந்தால் சுமார் 220 டிகிரி செல்சியஸ். நீலம் ஓடினால் 300-ஐ ஒட்டி. பல கத்திகளுக்குப் பதம் வைப்பதே 200 டிகிரி அளவில்தான். அதைத் தாண்டினால் பதம் இறங்கி விளிம்பு மிருதுவாகிவிடும். நீலம் பாய்ந்த கத்தி கையில் இருந்தால், அந்த நிறத்தையும் தாண்டி அரை மி.மீ. உள்ளே தேய்த்தால்தான் பிறகு பிடிக்கும் கூர் நிற்கும்.

கருவியும் அடிப்பலகையும்

கம்பி வழியாகக் கல் ஓடும் வகைக் கருவி இது. கவ்வி கத்தியின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். கவ்விக்குப் பின்னால் ஒரு நிலைக்கம்பி. அதில் ஏற்றி இறக்கி இறுக்கும் பால் ஜாயிண்ட், அதாவது எல்லாப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு. அதற்குள் போய்வரும் நீளக் கம்பியில் கல் மாட்டியிருக்கும். ருய்ஷின் புரோ போன்ற மாடல்கள் இந்தக் குடும்பம்தான். லான்ஸ்கி என்ற மாடலும் இதே யோசனைதான் என்றாலும் அதில் 17, 20, 25, 30 என்று நான்கு துளைகள் மட்டுமே. இடையில் ஒரு கோணம் வேண்டுமென்றால் வழியில்லை. இந்தப் பதிவில் வருவது, கவ்வி அப்படியே புரளக்கூடிய மாடல். ஒரு பக்கம் முடிந்ததும் கத்தியைக் கழற்றாமல் மறுபக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

நம் ஊர் சமையல் மேடையில் இந்தக் கருவியை நேரடியாக மாட்டுவது கஷ்டம். கிரானைட் விளிம்பை இரட்டைத் தடிமனாக ஒட்டி உருட்டியிருப்பார்கள். கருவியோடு வரும் சி-கிளாம்புக்கு அவ்வளவு வாய் இருக்காது. 18 மி.மீ. பிளைவுட்டில் 450-க்கு 300 மி.மீ. துண்டு வெட்டி, அதில் கருவியை போல்ட் போட்டு முடுக்கி, அடியில் ரப்பர் விரிப்போ ஈரத்துணியோ போட்டால் அசையாது. மேடை அசைந்தால் கோணமும் அசையும். இந்தப் பலகைக்குச் செலவாகும் அரை மணி நேரம் நல்ல முதலீடு.

மலிவு ஜிக்குகளில் இரண்டு இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பால் ஜாயிண்ட். கம்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, 'டொக் டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் இறுக்கும் ஸ்க்ரூவைச் சரிசெய்ய வேண்டும். அப்படியும் நிற்கவில்லையென்றால் அதே அளவு துளையுள்ள ராட்-எண்ட் பேரிங் (கம்பி நுழையும் துளையுள்ள உருண்டை மூட்டு) மாற்றலாம். இரண்டாவது, நிலைக்கம்பியில் உயரத்தைக் குறித்து வைக்க வசதி இல்லாதது. கம்பியின் விட்டத்தைக் காலிப்பரில் அளந்து, அதற்குப் பொருந்தும் ஷாஃப்ட் காலர் (கம்பியில் இறுக்கும் வளையம்) ஒன்றை பால் ஜாயிண்டுக்கு அடியில் மாட்டிவிட்டால் அதே உயரத்துக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். 3டி பிரிண்டர் உதிரிபாகம் விற்கும் கடைகளில் இது கிடைக்கும். கல் ஓடும் கம்பியிலும் ஒரு காலர் அவசியம். கல் பின்னால் வரும்போது வாயைத் தாண்டி விழுந்துவிடாமல் அது தடுக்கும். விழுந்தால் கல்லின் முனை கூரில் இடிக்கும். அடுத்த தள்ளலில் விரல் வாய்மேல் போகும்.

கற்கள்: 150 கிரிட் வைரத்தகடு, 400 வைரத்தகடு, 1000 கிரிட் கல், தோல் ஒட்டிய பட்டை. கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூடக் கல் வழவழப்பாகும். இந்த எஃகுக்கு இவ்வளவு போதும். பெட்டியில் 3000, 10000 என்று எண்கள் கவர்ச்சியாக இருக்கும். மிருதுவான ஸ்டெயின்லெஸ்ஸை அவ்வளவு மழமழப்பாக்கினால் தக்காளித் தோலிலும் குடைமிளகாய்த் தோலிலும் கத்தி வழுக்கும். 1000-இல் நிறுத்திய வாயில் கண்ணுக்குத் தெரியாத நுண்பற்கள் மிஞ்சும். தோலைக் கவ்விப் பிடிப்பவை அவைதான். விஜி-10 எஃகு மாதிரி 60 ராக்வெல் அளவிலுள்ள ஜப்பானியக் கத்திக்கு 3000 வரை போவதில் அர்த்தம் உண்டு.

கோணக் கணக்கு

நிலைக்கம்பியில் அச்சிட்டிருக்கும் டிகிரி எண்களை நம்பவே கூடாது. கோணத்தைத் தீர்மானிப்பவை இரண்டு அளவுகள்: பால் ஜாயிண்டிலிருந்து கத்தி வாய்வரை உள்ள கிடைத்தூரம், வாயின் மட்டத்துக்கு மேல் பால் ஜாயிண்ட் நிற்கும் உயரம். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் கோணத்தின் டேன்ஜென்ட். தூரம் 180 மி.மீ. என்றால் 15 டிகிரிக்கு 48 மி.மீ. உயரம், 17-க்கு 55, 20-க்கு 65.5.

இப்போது அதே உயரத்தில் சின்னக் காய்கறிக் கத்தியை மாட்டுகிறோம் என்று வையுங்கள். அலகின் உயரம் 20 மி.மீ. குறைவு, அதனால் தூரம் 160 ஆகிவிடும். 55-ஐ 160-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 டிகிரி. நிலைக்கம்பியில் எதையும் தொடாமலேயே இரண்டு டிகிரி ஏறிவிட்டது. அச்சிட்ட எண் பொய்யாவது இப்படித்தான்.

இந்தக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 17 டிகிரி. காய்கறி மட்டும் நறுக்கினால் 15 தாங்கும். முள்ளோடு மீன் வெட்டும் கத்திக்கு 20, ஆட்டெலும்பு உடைக்கும் கனத்த கத்திக்கு 25. இந்த எஃகில் 12, 13 என்று இறங்கினால் முதல் நாள் அற்புதமாக இருக்கும். அடுத்த வாரம் வாய் மடங்கிக் கிடக்கும்.

அளக்க, காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். கத்தியின் முகம் தட்டையாகத் தெரிந்தாலும் முதுகிலிருந்து வாய்க்கு மெலிந்துகொண்டே வருகிறது. 2.2 மி.மீ. முதுகு, 45 மி.மீ. உயரம், ஒரு முகத்தின் சாய்வு நடுத்தளத்திலிருந்து 1.4 டிகிரி. ஆகவே கோணமானியைக் கத்தியின் மேல்முகத்தில் வைத்துப் பூஜ்யமாக்கி, பிறகு கல்லின் மேல் வைத்துப் படிக்கும் எண்ணோடு 1.4 சேர்த்தால் அதுவே உண்மையான கோணம். 17 வேண்டுமென்றால் கோணமானி 15.6 காட்ட வேண்டும். கவ்வியைப் புரட்டியதும் மறுபக்க முகத்தில் திரும்பப் பூஜ்யமாக்கி அளக்க வேண்டும். ஒரு தாடை நிலையாகவும் மற்றது மட்டும் நகர்வதாகவும் உள்ள கவ்விகளில் கத்தி ஒரு பக்கம் சாய்ந்தே உட்காரும். அப்போது இரண்டு பக்கமும் ஒரே உயரம் வைத்தால் 2.8 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். பக்கத்துக்கு ஒரு உயரம் வைத்தால் தீர்ந்தது.

கல்லை நுனிப்பக்கம் நகர்த்தினால் கோணமானியின் எண் குறையும். இதைப் பார்த்துவிட்டு ஜிக்கே தப்பு என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நேரான வாயில் அப்படி எதுவும் மாறுவதில்லை. பால் ஜாயிண்ட் ஒரு புள்ளி, வாய் ஒரு நேர்கோடு. ஒரு புள்ளியும் ஒரு கோடும் சேர்ந்தால் ஒரே ஒரு தளம். கல் எங்கே நின்றாலும் அந்தத் தளத்தில்தான் ஓடுகிறது. நடுவிலிருந்து 100 மி.மீ. தள்ளிக் கம்பி சாய்ந்து நிற்கும்போது, 1.4 சேர்த்த பிறகும் கோணமானிக் கணக்கு 15-தான் வரும். அது கம்பியின் சாய்வு. சரிவின் கோணம் அப்போதும் 17-தான். கம்பி வாய்க்குச் செங்குத்தாக நிற்கும் இடத்தில் மட்டும் அளந்தால் குழப்பமே இல்லை.

மாட்டுவது

நேரான பகுதிக்குச் சொன்னது வளைந்த பகுதிக்குப் பொருந்தாது. நுனியை நெருங்கும்போது வாய் முதுகை நோக்கி வளைகிறது. அங்கே கோணம் உண்மையிலேயே மாறும். எவ்வளவு மாறும் என்பது கவ்வி கத்தியை எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கவ்வி குதிப்பக்கம் தள்ளியிருந்தால் நுனியில் கோணம் குறைந்து சரிவு அகலமாகும். நுனிக்கு மிக அருகில் இருந்தால் கோணம் ஏறிச் சரிவு குறுகும். இரண்டுக்கும் நடுவில், நுனிவரை ஒரே கோணம் கிடைக்கும் ஓர் இடம் உண்டு. அதைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையின் உயிர். கல் தேய்ப்பது அதற்குப் பிறகு பொறுமை மட்டுமே.

தேடும் முறை இது. கவ்வி படும் இடத்தில் இரண்டு முகத்திலும் ஒரு சுற்று மாஸ்கிங் டேப். கீறல் விழாது, பிடிப்பும் கிடைக்கும். இரண்டு மூன்று சுற்று வேண்டாம். மெத்தையாகிக் கத்தி ஆடும். அலகின் நடுவிலிருந்து சற்று நுனிப்பக்கமாகக் கவ்வியை வைத்து இறுக்கவும். சரிவு முழுவதிலும், குதி முதல் நுனிவரை, கறுப்பு மார்க்கரால் பூசவும். மை காய்ந்ததும் 1000 கல்லால் அழுத்தமே இல்லாமல் ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஓர் இழுப்பு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

மை சரிவின் மேல்தோளில் (முதுகுப்பக்க ஓரத்தில்) மட்டும் அழிந்து வாயோரம் கறுப்புக்கோடு மிஞ்சினால் கல் படுத்துக்கிடக்கிறது: கோணம் குறைவு. வாயோரம் மட்டும் அழிந்து தோளில் கறுப்பு நின்றால் கோணம் அதிகம். நடுப்பகுதியில் ஒரு மாதிரியும் நுனியில் வேறு மாதிரியும் அழிந்தால் உயரத்தைத் தொடக் கூடாது. கவ்வியை நகர்த்த வேண்டும். நுனியில் தோள் மட்டும் அழிந்தால் கவ்வியை நுனிப்பக்கம் ஐந்து மி.மீ.; வாயோரம் மட்டும் அழிந்தால் குதிப்பக்கம் ஐந்து மி.மீ. மறுபடி மை, மறுபடி ஓர் இழுப்பு. ஏற்கெனவே சாணைச் சக்கரத்தில் தாறுமாறாகத் தேய்ந்த கத்தியில் பழைய சரிவை முழுதாக நம்ப முடியாது. அப்போது 150-இல் கொஞ்சம் தேய்த்துப் புதுச் சரிவு தெரிந்தபின் நுனியிலும் நடுவிலும் அகலத்தை ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

சரியான இடம் கிடைத்ததும் டேப்பின் மேலேயே கவ்வியின் இரண்டு ஓரத்தையும் பேனாவால் கோடு போட்டு, குதியிலிருந்து அந்தக் கோட்டுக்கு எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதிவிட வேண்டும். இந்த எண் இல்லாமல் அடுத்த முறை மாட்டினால் எல்லாம் முதலிலிருந்துதான்.

பல்லை எடுப்பது

விழுந்த பற்களைக் கோணத்தில் வைத்தே தேய்த்து எடுக்கலாம். ஆனால் பள்ளத்தின் ஓரங்கள் கல்லைக் கிழிக்கும், இரண்டு பக்கமும் சமமாகத் தேய்கிறதா என்றும் தெரியாது. முதலில் வாயை நேராக்கிவிடுவது நல்லது. சென்னைப் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் சிலிக்கான் கார்பைடு எண்ணெய்க்கல்லே இதற்குப் போதும். ஒரு முகம் சொரசொரப்பு, மறுமுகம் வழவழப்பு என்று இருக்கும். 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் திருவொற்றியூர் ஆலை நம் ஊரில்தான் இருக்கிறது. உராய்கற்களுக்கு நமக்குப் பஞ்சமில்லை.

கல்லின் சொரசொரப்பு முகத்தில், கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, வாயை நீளவாக்கில் இழுக்க வேண்டும். ஆமாம், கூரைக் கொல்கிறோம். குதிப்பள்ளமும் பற்களும் மறையும்வரை, முழு நீளமும் ஒரே நேராக, நுனியில் வளைவோடு சேர்ந்து. அரை மி.மீ. எடுத்ததும் வாயில் சுமார் 0.3 மி.மீ. அகலத்துக்கு ஒரு தட்டை முகம் உருவாகும். விளக்கடியில் அது குதிமுதல் நுனிவரை வெள்ளைக்கோடாக மின்னும். கோடு எங்கும் அறுபடாமல் தெரிந்தால், பலகையில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்து வெளிச்சம் கசியவில்லையென்றால், முடிந்தது. இந்த வெள்ளைக்கோடு அடுத்த கட்டத்துக்குப் பெரிய துணை: அது மெலிந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே தேய்க்கலாம்.

150 கிரிட்: நேரம் முழுவதும் இங்கேதான்

வைரத்தகட்டுக்கு எண்ணெய் வேண்டாம். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்துக்கொண்டால் போதும். உலர்வாகத் தேய்த்தால் உலோகத்தூள் மின்விசிறிக் காற்றில் சமையலறை முழுக்கப் பரவும்.

அழுத்தம் எவ்வளவு என்பது பலருக்குச் சந்தேகம். சமையலறைத் தராசில் விரலை அழுத்தி 500 கிராம் காட்டும் அழுத்தத்தைக் கையில் பழகிக்கொள்ளுங்கள். 150-இல் அதுதான் உச்சம். அதற்கு மேல் அழுத்தினால் வைரத்துகள்கள் தகட்டிலிருந்து பெயரும், மெல்லிய நுனிப்பகுதி வளைந்து கோணமும் மாறும். புதுத்தகடு முதல் சில கத்திகளுக்குச் சொன்ன கிரிட்டைவிடக் கரடாகவே அறுக்கும். துருத்தி நிற்கும் துகள்கள் விழுந்தபின் சமநிலைக்கு வரும். ஆகவே புதுத்தகட்டை நல்ல கத்தியில் தொடங்க வேண்டாம்.

குதியிலிருந்து நுனிக்கு, முன்னும் பின்னுமாகத் தேய்த்துக்கொண்டே நகர வேண்டும். நுனியில் கல்லின் பாதி அகலம் வெளியே போனதும் நிறுத்தவும். முழுதும் தாண்டினால் நுனி மழுங்கி உருண்டுவிடும்.

வெள்ளைக்கோட்டின் பாதி மறையும்வரை ஒரு பக்கம். பிறகு கவ்வியைப் புரட்டி மறுபக்கம். ஒரே பக்கத்திலேயே முழுதும் தேய்த்தால் வாய் நடுவிலிருந்து விலகிப்போகும். கோடு மயிரிழையாக மெலிந்ததும் வேகத்தைக் குறைத்து, சில தள்ளலுக்கு ஒருமுறை எதிர்ப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தேடுவது பிசிறு. வாய் முழுதாகச் சேர்ந்ததும், கல் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உலோகம் மெல்லிய நாராக மடிந்து நிற்கும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளிப்பக்கமாக வருடினால், ரேகையில் ஏதோ மாட்டுவது தெரியும். வாயின் வழியாக நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. டார்ச்சைக் குதிப்பக்கமிருந்து வாயோடு ஒட்டி அடித்தால் பிசிறின் விளிம்பில் நூல் மாதிரி ஒரு வெளிச்சம் ஓடும். அது அறுந்த இடத்தில் பிசிறு இல்லை, அங்கே வாய் இன்னும் சேரவில்லை. பெரும்பாலும் குதியும் நுனிக்கு முந்தைய வளைவும்தான் கடைசியாகச் சேரும். அந்த இரண்டு இடத்தையும் தனியாகத் தேய்த்துக் கொண்டுவர வேண்டும்.

வீட்டில் சாணை பிடித்த கத்தி ஒரு வாரத்தில் மழுங்குவதற்கு முக்கியக் காரணம், குதிமுதல் நுனிவரை பிசிறு வருவதற்கு முன்பே அடுத்த கல்லுக்குத் தாவுவது. 400-ம் 1000-ம் பளபளப்பைத்தான் தரும். சேராத வாயை அவை சேர்க்கா. இந்த அளவு தட்டையாக்கிய கத்திக்கு 150-இல் அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

400, 1000: கல்லின் தடிமன்

ஒவ்வொரு கல்லையும் அதன் தாங்கியோடு சேர்த்துக் காலிப்பரில் அளந்து, பின்பக்கம் எழுதி வையுங்கள். 180 மி.மீ. தூரத்தில் ஒரு மி.மீ. தடிமன் வித்தியாசம் 0.3 டிகிரி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அடுத்த கல் தடிமனாக இருந்தால் அது தோளில் மட்டும் உரசும். வாயோரத்தில் 150-இன் கீறல்கள் அப்படியே கிடக்கும். மெலிந்திருந்தால் வாயோரம் மட்டும் தொடும். எத்தனை மி.மீ. தடிமன் கூடுகிறதோ அத்தனை மி.மீ. பால் ஜாயிண்டை ஏற்றினால் கோணம் பழையபடி வந்துவிடும்.

பெட்டியோடு வரும் வெளிறிய கற்கள் நடுவில் சீக்கிரம் குழியும். கண்ணாடித் துண்டின் மேல் 220 கிரிட் வாட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீர் தெளித்து, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டுத் தேய்த்தால், கட்டங்கள் எல்லாம் அழியும்போது கல் மட்டமாகியிருக்கும். 1000 கல்லே இல்லையென்றால் 150 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலமுள்ள அலுமினியப் பட்டையில் 1000 கிரிட் வாட்டர் பேப்பரை டபுள் சைடு டேப்பால் ஒட்டிக்கொள்ளலாம். இதில் பட்டையை வாயிலிருந்து முதுகை நோக்கி ஓட்டவே கூடாது. கத்தி தாளைச் சீவிவிடும். முதுகிலிருந்து வாய்ப்பக்கம் போகும் இழுப்பு மட்டும்.

400-இல் அழுத்தம் 300 கிராம், 1000-இல் 150, கடைசியில் கல்லின் சொந்த எடை மட்டும். முந்தைய கல்லின் கீறல்கள் மறைந்ததா என்று பார்க்க, ஒவ்வொரு கல்லிலும் தேய்க்கும் திசையைக் கொஞ்சம் மாற்றுவது வசதி. பழைய கீறல் சாய்வாகத் தனித்துத் தெரியும்.

பிசிறை நீக்குவது

மிருதுவான ஸ்டெயின்லெஸ்ஸில் பிசிறு பிசினாக ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் சாயும், உடையாது. 1000-இல் பக்கத்துக்கு ஐந்து, பிறகு மூன்று, பிறகு ஒவ்வொன்றாக மாறி மாறி, வாயை எதிர்த்து முதுகை நோக்கிப் போகும் தள்ளல் மட்டும். அப்படியும் போகவில்லையென்றால் பால் ஜாயிண்டை 7 மி.மீ. ஏற்றவும், கோணம் 19 ஆகும். அந்த உயரத்தில் கல்லின் எடையோடு பக்கத்துக்கு மூன்று தள்ளல். பிசிறு வேரோடு அறுந்து, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சரிவு ஒன்று உருவாகும். இந்த எஃகுக்கு இதைக் கட்டாயம் செய்யலாம் என்பதே என் கருத்து. கூர் நிற்கும் நாட்களில் வித்தியாசம் தெரியும்.

தோல் பட்டைக்குப் பெரியமேட்டில் அலைந்தால் துண்டுத்தோல் கிடைக்கும். குரோம் பதனிட்ட மெத்தென்ற தோல் வேண்டாம். தாவரப் பதனிட்டது, விறைப்பானது, 2 முதல் 3 மி.மீ. தடிமனில் கேளுங்கள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட ஈஸ்ட் இந்தியா தோல் தமிழ்நாட்டின் பழைய சரக்கு. இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தும். அலுமினியப் பட்டையில் ஒட்டி, பச்சைப் பாலிஷ் கட்டியை மேலே லேசாகத் தேய்த்தால் போதும். உயரத்தை 17-க்கு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். கல்லைவிடத் தோல்பட்டை தடிமனாக இருப்பதால் கோணம் தானாகவே சற்று இறங்கும், அது நல்லதே. தோல் அமுங்கி வாயைச் சுற்றிக்கொள்வதை அது ஈடுகட்டும். முதுகிலிருந்து வாய்ப்பக்கம் மட்டும், பக்கத்துக்குப் பத்து. அதிகம் இழைத்தால் கூர் உருளும்.

சோதனைக்குச் செய்தித்தாள் ஒற்றைத்தாள். குதியில் தொடங்கி நுனிவரை ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். எந்த இடத்தில் தாள் கிழிகிறதோ அங்கே வாயை விளக்கடியில் பார்த்தால் ஒரு வெள்ளைப்புள்ளி மின்னும்: பிசிறு மிச்சம், அல்லது பல் மிச்சம். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, கறுப்பாகவே தெரியும். பிறகு பழுத்த தக்காளி, கத்தியின் எடையில் மட்டும்.

கழற்றியதும் எழுத வேண்டியவை: அலகின் பெயர், குதியிலிருந்து கவ்விக்கு மி.மீ., இரு பக்கமும் பால் ஜாயிண்ட் உயரம், கோணமானி காட்டிய எண், கடைசிக் கல். இது இருந்தால் அடுத்த முறை 1000-இல் பத்து நிமிடம் போதும். 150-ஐத் தொடவே வேண்டாம். கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவி உடனே துடைக்கவும். கார்பன் எஃகுக் கத்தியாக இருந்தால், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில், மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை ஒரு துளி தடவி வைக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் வருடம் முழுக்க. ஜிக்கின் கம்பிகளுக்கும் அதே எண்ணெய்தான்.

அரிவாள்மனை

இதை ஜிக்கில் மாட்ட முயல வேண்டாம். வாய் உள்வளைந்து பிறகு வெளிவளைகிறது. எந்த இடத்தில் பிடித்தாலும் கோணம் ஓரிடத்தில்கூட ஒட்டாது. ஆனால் ஜிக்கின் 400 வைரத்தகட்டைத் தாங்கியோடு கழற்றினால் கைக்கு அடக்கமான நல்ல சாணைக்கல். மனையைத் திருப்பி, வாய் உங்களைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைத்து, பலகையை மேசையோடு சி-கிளாம்பால் இறுக்க வேண்டும். உட்கார்ந்து காலால் அழுத்திக்கொண்டு தேய்ப்பது ஆபத்து.

சரிவில் மார்க்கர் பூசி, மை சமமாக அழியும் சாய்வைக் கையில் பிடித்துக்கொண்டு, முதுகிலிருந்து வாயை நோக்கி மட்டும் தேய்க்கவும். உள்வளைவில் தகட்டின் முழு அகலம் உட்காராது, இரண்டு ஓரம்தான் தொடும். அந்த இடத்துக்கு உருளையான பொருளில், உதாரணமாகப் பழைய மார்க்கர் பேனாவில், 400 வாட்டர் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் சரியாகப் படியும். ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்துப் பட்டறையில் அடித்த அலகாக இருந்தால், தட்டையான பக்கத்தில் பிசிறை எடுக்க மட்டும் கல்லை முழுதாகப் படியவைத்து இரண்டு மூன்று இழுப்பு. அதில் புதுச் சரிவு வைத்துவிட்டால் வாழைக்காய் சீவும்போது கத்தி ஒரு பக்கம் இழுக்கும்.

மேலே இருக்கும் தேங்காய்த் துருவியின் பற்களுக்குக் கல் வேண்டாம். சின்ன முக்கோண அரம் ஒன்று போதும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், உட்புறத்திலிருந்து வெளியே, பள்ளத்துக்கு மூன்று தள்ளல். பல்லின் உச்சியை அரம் தொடக் கூடாது. தொட்ட பல் குட்டையாகிவிடும். அதன் பிறகு துருவும் வேலையெல்லாம் பக்கத்துப் பல்லின் தலையில் விழும்.